மஞ்ச உப்பும் ஒரு நூல்கண்டும்

அந்த அக்காவுக்கு ஒரு தண்ணி, தேயோ கோப்பியோ, வாங்கிக் கொடுப்பது லேசான காரியமில்லை.

முதல் நாளே நான் சறுக்கியது அங்கேதான். முலாம் பட்டறைக்கு எதிரே இருந்த மாமாக் தேநீர்க் கடையில் பட்டறை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் புதிதாக வந்தவன், மரியாதைக்கு எல்லாருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தேன். "அந்த அக்காவுக்கு ஒரு தே தாரேக்!"

"யாருக்கு?" என்றது ஒரு குரல்.

"உங்களுக்குத்தான்க்கா."

"என்னைக் கேட்டியா?"

நான் விழித்தேன். அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, வேன்காரத் தம்பி சொன்னது கேன்சல். எனக்குக் கோப்பி ஓ, பாலில்லாம. சீனி கொறைச்சு." பிறகு என்னிடம், கோபமே இல்லாமல், வழி சொல்வதுபோலச் சொன்னார். "என் வாய் இங்கதான் இருக்கு தம்பி. என் தண்ணிய நானே சொல்லிக்கிறேன்லா."

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கோப்பி ஓ தான் முதலில் ஆவி விடுகிறது. கறுத்த மெலிந்த உடம்பு. எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை. ஒரு துளை, ஒரு தழும்பு இல்லாத வெறும் மூக்கு. மூக்கைப் பற்றி எவ்வளவோ சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சிம்பாங் பூலாயில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். வாரம் ஒருமுறை போல்ட்டு, நட்டு, கீல், கொக்கி எல்லாவற்றையும் சாக்குச் சாக்காக வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போ பட்டறைக்குப் போவேன். வெளுத்த இரும்பாகப் போவது பொன்னாகத் திரும்பி வரும். எனக்கு எந்த வேலையிலும் கால் தரிக்காது. ஆனாலும் அந்த ஒரு பயணத்துக்காகவே அந்தக் கடையில் பல வருடம் கிடந்தேன். இரும்பு பொன்னாவதைப் பார்க்க எவனுக்குத்தான் ஆசையிருக்காது?

பொன்னாக்குவது அக்கா. முதலில் துத்தநாக முலாம், அது மற்றவர்கள் வேலை. கடைசித் தொட்டி அக்காவுடையது. அதில் ஆரஞ்சு நிறத் தண்ணீர். கூடையில் போல்ட்டுகளை அள்ளி உள்ளே இறக்கி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி ஆட்டி, தூக்குவார். தூக்கும்போது அவை மஞ்சளாக இருக்கும். வெறும் மஞ்சளும் இல்லை. மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயின் வானவில், மாடப்புறாக் கழுத்தின் பச்சை, கொஞ்சம் ரோஜா எல்லாம் ஒரு திருகாணியின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மஞ்சள் ஏறினால் துரு அண்டாது. மழைக்கால்வாய் மூடியில் போட்டாலும் பல வருடம் தாங்கும்.

அந்தத் தண்ணீருக்கு உயிர் ஓர் உப்பு. பட்டறையில் எல்லாரும் 'மஞ்ச உப்பு' என்பார்கள். பீப்பாயில் வேறு பெயர் இருந்தது: சோடியம் டைக்குரோமேட். பக்கத்தில் ஒரு மண்டையோடு. பீப்பாயைத் திறந்தால் கேசரிப் பவுடர் தூவிய கற்கண்டு மாதிரி மின்னும். அக்கா அதைக் காலியான மில்லோ பானத்தூள் டின் ஒன்றால் அள்ளி, வெந்நீரில் கொட்டிக் கலக்குவார். கொட்டும்போது ஒரு சன்னமான தூள் எழுந்து, வெயில் விழும் இடத்தில் கொஞ்ச நேரம் பொன்னாக நிற்கும். அழகாகத்தான் இருக்கும். அந்த அழகைத்தான் அவர் பல வருடம் மூச்சாக இழுத்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் உள்ளங்கை மஞ்சளானதைப் பார்த்து ஒருத்தி சொன்னாளாம், "மஞ்ச பூசின கை, மங்களம்தான்க்கா." பட்டறைப் பெண்கள் அதை நம்பவும் செய்தார்கள். சேற்றுப்புண் வந்தால் அந்தத் தண்ணீரில் காலை நனைத்துக்கொள்வார்கள். மஞ்சள் நிறமாயிருந்தால் அது மஞ்சளின் குணத்தோடும் இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் புண் ஆறியதே இல்லை. அக்காவின் விரல் கணுக்களில் வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள் இருந்தன. அச்சடித்ததுபோல் ஒழுங்கான குழிகள். 'மீன்கண்' என்றார்கள்.

"வலிக்குமாக்கா?"

"வலிச்சா பயப்பட மாட்டேன் தம்பி. வலிக்கல பாரு, அதான் எனக்குப் புடிக்கல."

பட்டறை முதலாளி ஒரு சீனக் கிழவர். எல்லாரும் தவுக்கே என்பார்கள். அவருக்குத் தமிழில் ஒரு பிடி சொற்கள் தெரியும்: சீக்கிரம், போதும், குடு. மாடியில் அலுவலகம். அவர் படியேறி இறங்கும்போது மெல்லிய சீழ்க்கை ஒன்று கூடவே வரும். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. ஒருநாள் நான் அக்காவிடம் கேட்டேன், "தவுக்கே நல்லா பாடுவாரோ? எப்பப் பாத்தாலும் விசிலடிச்சிட்டே இருக்காரு?"

"அவரு பாடல. அவரு மூக்கு பாடுது."

"சளியா?"

"அவரைத்தான் கேக்கணும். அது அவரு மூக்கு."

அவர் எல்லாவற்றிலும் அப்படித்தான். கேள்வி யாரைப் பற்றியதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டபோது பக்கத்திலிருந்த கொழுந்தனார் "அண்ணிக்கு ரோகிணி" என்று முந்திக்கொண்டார். "இல்ல சாமி. அவரு வாய்க்கு வந்ததைச் சொல்றாரு. எனக்கு என்ன நட்சத்திரம்னே தெரியாது. தோட்டத்துல பொறந்தேன், மழை பேஞ்சுதாம். மழை நட்சத்திரம்னு சொல்லி சூடத்தைக் காட்டுங்க." ஐயர் சிரித்துவிட்டாராம்.

அந்தக் கொழுந்தனார்தான் பட்டறையில் மேற்பார்வை. தோட்டத்து வழக்கப்படி அவரை 'மண்டோர்' என்றே கூப்பிட்டார்கள். அக்காவின் கணவர் இறந்த பிறகு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்க விடவுமில்லை. பயந்த மனிதர். பயந்தவர்களுக்கே உரிய உரத்த குரல். அக்கா அவரைச் 'சின்னவரே' என்பார். அந்தச் சொல்லில் பாசம் எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இனி மூக்கு.

கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம், அடுக்கடுக்காகக் கார்கள். அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், அக்கா வளர்ந்தார். வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்த பத்தரைக் கூட்டி வந்தார்கள். நான்கு பேர் பிடித்துக்கொள்ள, பத்தர் ஊசியை நீட்ட, அக்கா அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டார். "ரத்தம் வந்துச்சு தம்பி. அவருக்கு." சொல்லிவிட்டு நிதானமாகக் கோப்பி குடித்தார். "என்னைக் கேக்காம என் மூக்குல ஓட்டையா?"

கல்யாணத்தின்போது மாமியார் தட்டில் வைத்து ஒரு மூக்குத்தியை நீட்டினாராம். எட்டுக்கல். மணவறையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தார் அக்கா. "மொட்டை மூக்கு புடிச்சிருந்தா தாலி கட்டச் சொல்லுங்க. இல்லன்னா லோரி புடிச்சுப் போயிடறோம்." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கட்டினாராம். "அந்தத் தட்டை ஏந்திக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? நம்ம மண்டோருதான். அப்ப மீசைகூட மொளைக்கல. தட்டு நடுங்குச்சு."

இந்தத் தட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிட் காலத்தின் இரண்டாம் வருடம். வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதிக்க வேண்டும் என்று பட்டறை வாசலில் கூடாரம் போட்டார்கள். நான் வேனில் காத்திருந்தேன். பிளாஸ்டிக் உடைக்குள் ஒரு மிஸ்ஸி, வியர்த்துப்போன மலாய் நர்ஸ், ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, மணம் தெரிகிறதா?

அக்காவின் முறை வந்தது. "தெரியும், தெரியும்," என்றார் மண்டோர், பின்னாலிருந்து.

"தெரியாது," என்றார் அக்கா. "ரொம்ப வருஷமா தெரியாது. டுரியான் நாறுமாம், மல்லி மணக்குமாம். எனக்கு ரெண்டும் ஒண்ணு. ரொம்ப வருஷமா எனக்குக் கோவிட்டுன்னு எழுதிக்கோங்க மிஸ்ஸி."

வரிசையே சிரித்தது. மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. வலது மூக்கில் குச்சியை விட்டாள். அதன் பஞ்சு முனை இடது மூக்குவழியாக எட்டிப் பார்த்தது.

"யா அல்லாஹ்!" என்று மிஸ்ஸி கையை விட்டுவிட்டாள். குச்சி அக்காவின் மூக்கில் குறுக்காக நின்றது.

அக்கா குனிந்து, கண்ணை ஒன்றரையாக்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே குச்சில முடிஞ்சிருச்சா? நல்லதுலா. ஒரு குச்சி மிச்சம்."

மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு சன்னல் திறந்திருந்தது. அந்த உப்பின் தூள் மூக்குத் தண்டில் படிந்து படிந்து, வலிக்காமல், சத்தமில்லாமல் அரித்துவிடுமாம். அதற்கு முன்னால் பொருக்குத் தட்டும், காலையில் ரத்தம் வரும், மணம் போகும். ஓட்டை விழுந்த பிறகு மூச்சு அதன் வழியாகச் சீழ்க்கையடிக்கும். அதோடு நிற்பதும் இல்லை. நுரையீரலில் புற்றாகவும் மாறலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றிரவு அக்கா வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து, பூக்கட்டும் வெள்ளை நூலை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் இழுத்திருக்கிறார். அடுத்த வாரம் மாமாக் கடையில் எனக்குக் காட்டினார். அவர் நூலை மெல்ல இடமும் வலமும் இழுத்தார், ஊஞ்சல் ஆட்டுவதுபோல.

"பத்தரைக் கடிச்சேன், மாமியாரைத் திருப்பி அனுப்பினேன்," என்றார். "கடைசில ஒரு டின்னு உப்பு குத்திட்டுப் போயிருச்சு. கேக்காமலே."

அப்போதுதான் அவர் கண்ணில் அதைப் பார்த்தேன். அழுகை இல்லை. பத்தரின் விரல் பக்கத்தில் வந்தபோது அந்தச் சிறுமியின் கண்ணில் இருந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று.

அவர் கேட்டது பணமில்லை. தொட்டிக்கு ஒரு மூடி, தூளை இழுத்து வெளியேற்ற ஒரு பெரிய காற்றாடி. இரண்டே சாமான். "வேலையால வந்த ஓட்டைன்னு டாக்டர் எழுதிட்டா தவுக்கே போட்டே ஆகணும். இல்லன்னா போட மாட்டாரு. அவ்வளவுதான் தம்பி கணக்கு."

பட்டறை ஆட்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு அவரை மண்டோர் தன் காரில் அழைத்துப் போனார். டாக்டர் அக்காவின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை விரிக்கும் இடுக்கி ஒன்றை உள்ளே வைத்து, விளக்கடித்துப் பார்த்தபடி கேட்டிருக்கிறார், "இது எப்படி வந்தது?"

இடுக்கி மூக்கில். வாய் திறந்து கிடக்கிறது. அக்காவால் 'ஆ' என்றுதான் சொல்ல முடிந்தது. மண்டோர் முந்திக்கொண்டார். "எங்க ஆளுங்க வழக்கம் டாக்டர். பொம்பளைங்க மூக்கு குத்துவாங்க. பக்கத்துலயும் குத்துவாங்க, நடுவுலயும் குத்துவாங்க. புல்லாக்குன்னு சொல்லுவோம்."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதிவிட்டார். இடுக்கி வெளியே வந்தபோது அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது.

காரில் திரும்பும் வழியில் என்ன நடந்தது என்பதை மண்டோரே என்னிடம் புலம்பினார். "கேளு தம்பி. முன் சீட்டுல உக்கார மாட்டேன்னு பின்னால போயி உக்காந்துக்கிட்டாங்க. நான் என்ன கெட்டவனா? ஆபீசருங்க வந்தா கடைய சீல் வெச்சிருவானுங்க. இத்தனை குடும்பம். இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான், செம்பனைத் தோட்டத்துல போயி குலை வெட்டவா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பட்டறையில் பாதிப் பேர் அவர் பக்கம்தான். அக்கா தனியாகக் கோப்பி குடித்த நாட்கள் அவை.

ஒருமுறை நான் இருக்கும்போதே இருவருக்கும் சண்டை மூண்டது.

"கடைய மூடிட்டா சந்தோஷமா அண்ணி?"

"கடைய மூடச் சொன்னேனா? தொட்டிய மூடச் சொன்னேன்."

"அந்த டாக்டர்கிட்ட நான் சொன்னது உங்க நல்லதுக்குத்தான்."

"சின்னவரே," என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "அந்தத் தட்டை ஏந்தினது நீ. அந்த மூக்குத்தி திரும்பிப் போனதைப் பாத்தது நீ. உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் என் மூக்குக்கு நீ பதில் சொன்ன." மண்டோர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பொய் சொன்னேன்னுகூட எனக்குக் கோவமில்ல. என் மூக்குல இடுக்கி இருக்கறப்ப சொன்ன பாரு."

அடுத்த நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தனியாகப் போனார். கவுண்டரில் "யாராவது கூட வந்திருக்காங்களா?" என்று கேட்டார்களாம். "நான் வந்திருக்கேன்" என்றாராம்.

நான் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எனக்கு எங்கே பார்த்தாலும் அந்த உப்பு தெரிந்தது. பள்ளிப் பேருந்தின் மஞ்சள் சாயத்தில் அதன் சொந்தம். என் இடுப்பு வாரின் தோலைப் பதப்படுத்தியதும் அதன் வழி வந்த உப்புதான். கரையான் அரிக்காமல் நிற்கிற வேலிக்கம்பத்தின் பச்சைச் சாயலுக்குள் அது. சிம்பாங் பூலாயின் சுண்ணாம்பு மலைகளை வெட்டிக் கரைத்துச் சுடும் சிமெண்டிலும் அதன் இனத்துத் துகள் கொஞ்சம் உண்டு. கொத்தனார்களின் முட்டிகள் வெடித்து அரிப்பது அதனாலும்தான். வீடு நிற்க, வேலி நிற்க, வார் அறாமல் இருக்க, திருகாணி துருவேறாமல் இருக்க அது வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேனில் அதை ஏற்றித்தான் நான் சோறு தின்றேன். ஆனால் நாம் பூட்டும் ஒவ்வொரு மஞ்சள் கொக்கிக்குப் பின்னாலும் ஒரு மூக்கு இருக்கிறது. அந்த மூக்கை யாரும் கேட்கவில்லை.

ஆபீசர் வந்த நாள் நான் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். தலையில் துடோங் முக்காடு, அதன் மேல் பாதுகாப்புத் தொப்பி, இளவயது மலாய்ப் பெண். எல்லாரும் மரியாதையாகப் புவான் என்றார்கள். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார், பீப்பாயின் மண்டையோட்டைப் பார்த்தார், மில்லோ டின்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு கிளினிக் தாளைப் பிரித்தார். மலாயில் பேசினார், எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"காற்றைச் சோதிக்கும் கருவி வர நாளாகும். இன்று நான் பார்க்க வேண்டியது ஒன்றுதான். இந்த ஓட்டை வேலையால் வந்ததென்றால் காற்றாடிக்கும் மூடிக்கும் இப்போதே உத்தரவு போடலாம். வழக்கத்தால் வந்ததென்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இந்தப் புகார் இதோடு முடிந்தது. அக்கா, இது உங்கள் வழக்கம்தானே?"

மண்டோர் வாயைத் திறந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார். மண்டோர் வாயை மூடிக்கொண்டார்.

"என் மூக்குல ஒரு தழும்பு காட்டுங்க புவான்," என்றார் அக்கா. "மூக்குத்தியே குத்தாதவ புல்லாக்கா குத்துவா?"

"நடுவில் மட்டும் குத்தியிருக்கலாம் இல்லையா? எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்." அந்தப் பெண் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அக்கா இடுப்பிலிருந்து நூல்கண்டையும் ஒரு சின்னக் கத்தரியையும் எடுத்தார். ஒரு முழம் அறுத்து, நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் இழுத்தார். புவான் ஓரடி பின்வாங்கினார். அக்கா நூலைக் கீழே போட்டுவிட்டு, கண்டையும் கத்தரியையும் நீட்டியபடி கூப்பிட்டார், "ரஹீம் பாய், உங்களுக்கு விருப்பமிருந்தா வாங்க. இல்லன்னா வேணாம்."

துத்தநாகத் தொட்டியிலிருந்து அந்த வங்காளதேசத்துக்காரர் வந்தார். மஞ்ச உப்புப் பீப்பாய் காலியாகும்போதெல்லாம் புதியதை உடைத்து அள்ளிப் போடுவது அவர் வேலை. வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே நூலை விட்டார். வந்துவிட்டது.

"ரஹீம் பாயும் புல்லாக்கு போட்டாரா, சின்னவரே?"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். மண்டோருக்கு முகம் கறுத்துவிட்டது. "இவனுங்க மூக்கை நோண்டுற ஆளுங்க புவான்! நாள் பூரா நோண்டுவானுங்க!"

"அப்போ சங்கம் வெச்சு நோண்டறோமாடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்காவோடு அதே தொட்டியில் நின்ற மலாய்க்காரி காக் ரோஸ் யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து கையை நீட்டினாள். நூல் ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வரவில்லை. பிறகு வந்தது, நுனியில் கொஞ்சம் ரத்தத்தோடு. அவள் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு இருப்பது அவளுக்கே அதுவரை தெரியாது. சிரிப்பு நின்றுபோயிற்று.

புவான் பேனாவை எடுத்தவர் தயங்கினார். "பதிவேட்டின்படி இவர்கள் இருவரும் வேறு இடங்களிலும் வேலை பார்த்தவர்கள், உங்களுக்கோ டாக்டரின் தாள் குறுக்கே நிற்கிறது. முதலாளி ஆட்சேபிப்பார். இந்தப் பட்டறையை விட்டு வேறெங்கும் வேலை பார்க்காதவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

அப்போது எல்லாருக்கும் அது கேட்டது. இயந்திரங்களை நிறுத்தியிருந்ததால் கேட்டது. மாடிப்படியின் நடுவில் தவுக்கே நின்றுகொண்டிருந்தார், கைக்குட்டையோடு. அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சன்னமான சீழ்க்கை. கீழே அக்காவின் மூச்சுக்கும் அதே சீழ்க்கை. இரண்டும் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்பதுபோல் மாறி மாறி வந்தன.

அக்கா படியைப் பார்க்கவே இல்லை.

"இருக்காங்க புவான்," என்றார். "ஆனா அவங்க மூக்குக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்."

நூல்கண்டையும் கத்தரியையும் கடைசிப் படியில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

கூரைத் தகரத்தில் வெயில் சடசடத்தது. தவுக்கே மேலே போயிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். அவர் இறங்கி வந்தார். குனியச் சிரமப்பட்டார். ரஹீம் பாய் கண்டை எடுத்து நீட்டினார்.

"குடு," என்றார் தவுக்கே தமிழில்.

ஊசியில் கோப்பவர்போல நுனியை நாக்கில் தொட்டு முறுக்கினார். நூல் சரசரவென்று போய் மறுபக்கம் வந்தது, எங்கள் எல்லாரையும்விட அவருக்கு அது பழகிய வழி என்பதுபோல. இரண்டு முனையையும் பிடித்தபடி புவானிடம் மலாயில் சொன்னார்.

"நான்தான் இங்கே முதல் ஆள். அப்போது தொட்டி கிடையாது, ஒரு தகர டின். கையால் கலக்கினேன். வேறெங்கும் வேலை பார்க்கவில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டில் சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

நூலை உருவி, கைக்குட்டையில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். "போதும்," என்றார், அதுவும் தமிழில். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. புவான் எழுத ஆரம்பித்திருந்தார்.

காற்றாடி வந்தது. மூடியும் வந்தது. பட்டறையை யாரும் சீல் வைக்கவில்லை. மில்லோ டின் போய் நீண்ட கைப்பிடிக் கரண்டி வந்தது. உடல்பரிசோதனைக்குப் பட்டறையே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. விழுந்த ஓட்டைகள் விழுந்தவைதான். அவற்றை அடைக்க எந்த ஆபீசராலும் உத்தரவு போட முடியாது.

இப்போது அக்கா ஹுத்தான் மெலிந்தாங்கில் மகள் வீட்டோடு இருக்கிறார். கருவாடு காயும் தெரு. போனில் கேட்டேன், எப்படிக்கா இருக்கு? "ஊரே நாறுதாம் தம்பி. மருமகன் மூக்கைப் புடிச்சிக்கிட்டு நடக்கறான். எனக்கு மட்டும் நிம்மதிலா." வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள். இதுவரை ஒன்றுமில்லை என்றார். கூட யாரும் டாக்டர் அறைக்குள் வரக்கூடாது என்று இப்போதும் சட்டமாம்.

காற்றாடி பூட்டிய அடுத்த வாரம் நான் போனது நினைவுக்கு வருகிறது. அது போட்ட இரைச்சலில் யார் மூக்கும் பாடுவது கேட்கவில்லை. மண்டோர் தொட்டிப் பக்கம் நின்று, முகக்கவசம் போடாத ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் மூக்கின் மேல் புதுக் கவசம், கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டது. இந்தத் தொட்டிகளுக்கு நடுவே அக்காவைவிட அதிக வருடம் நடந்தவர் அவர்.

சுவரில், மின்பெட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் நூல்கண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கத்தரி.

"யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்," என்றார் அக்கா. "பாத்துட்டு அறுத்துப் போட்டுடணும். அவ்வளவுதான்."

நூல்கண்டு ஆபீசர் வந்த நாளில் பார்த்ததைவிட இளைத்திருந்தது.

நான் மண்டோர் பக்கம் கண்ணைக் காட்டி, மெல்லக் கேட்டேன். "அவரும் பாத்தாரா? இருக்காக்கா?"

அக்கா என் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார். பொன்னான போல்ட்டுகள் உள்ளே சலசலத்தன. அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் எழுதியிருந்தது. பத்தரைக் கடித்த வாய், மாமியாரைத் திருப்பிய வாய், இடுக்கியால் ஒருமுறை மட்டும் அடைபட்ட வாய். அதற்குப் பதிலடியாக அவர் மண்டோரின் ரகசியத்தை என் கையில் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அங்கதான நிக்கறாரு," என்றார். "போயி அவரைக் கேளு."

சாக்கைத் தூக்கி என் தோளில் வைத்தார்.